ட்ராக் டே காருக்கு பிரேக் கூலிங்: எதை முதலில், எதைக் கடைசியில் செய்வது?

முதல் ட்ராக் டேயில், அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளில், பிரேக் கைவிட்டதும், ஊருக்குத் திரும்பியவர்கள் தேட ஆரம்பிப்பது டக்ட் ஹோஸைத்தான். பம்பரில் ஓட்டை போட்டு, குழாய் இழுத்து, காற்றை டிஸ்க்கில் அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அடுத்த முறையும் அதே மூன்றாவது லேப்பில் பெடல் கீழே போகிறது. காரணம் எளிது. கொதித்தது பழைய பிரேக் ஆயில். அதை மாற்றாமல் காற்றை எவ்வளவு அடித்தாலும் பிரயோஜனம் கொஞ்சம்தான்.

எனவே இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது. மதுரையிலிருந்து தன் சொந்தச் சக்கரத்திலேயே ட்ராக்குக்குப் போய், ஓட்டி, அதே காரில் வீடு திரும்புகிறவருக்காக எழுதுகிறேன். ஸ்விஃப்ட், போலோ, ஐ20 மாதிரியான கார். முன்னால் காற்றுப் போகும் டிஸ்க், பின்னால் பெரும்பாலும் டிரம். கோவை செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ட்ராக்குக்கு நமக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு நானூறுக்கும் மேல். பிரேக்கில் நாம் செய்யும் எந்த வேலையும் திரும்பி வரும் அந்த ரோட்டையும் தாங்க வேண்டும்.

1. முதலில் எது கைவிட்டது என்று கண்டுபிடியுங்கள்

பிரேக் பிடிக்கவில்லை என்பது மூன்று வேறு கோளாறுகளுக்குப் பொதுப்பெயர். கால் உணர்வதை வைத்தே பிரித்துவிடலாம்.

பெடல் மெத்தென்று ஆகி, தரைவரை போகிறதா? ஒருமுறை பம்ப் பண்ணினால் கொஞ்சம் எழும்புகிறதா? ஆயில் கொதித்துவிட்டது. ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் குமிழி வந்ததும் உங்கள் கால் அந்தக் குமிழியைத்தான் நசுக்குகிறது, டிஸ்க்கை அழுத்த வேண்டிய பேட் நகர்வதில்லை.

பெடல் கல்லு மாதிரி இறுக்கமாக நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்கவில்லையா? பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. சாதாரண ரோட்டுப் பேட் 350-400 டிகிரியைத் தாண்டினால் உராய்வை இழக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கருகிய வாடையும் சேர்ந்து வரும்.

பிரேக் பிடிக்கிறது, ஆனால் ஸ்டீயரிங் உதறுகிறதா? டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. சூடான பேட்டின் பொருள் டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. கொதிக்கக் கொதிக்க வந்து பிட்டில் (ட்ராக் ஓரம் கார் நிறுத்தும் இடம்) நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

முதலாவதற்கு மருந்து ஆயில். இரண்டாவதற்குப் பேட். மூன்றாவதற்கு ஓட்டும் பழக்கம். இந்த மூன்றும் சரியான பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால்தான் காற்றுக்கு வேலை.

2. எவ்வளவு சூடு என்று ஒரு சின்னக் கணக்கு

ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார், 140 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்குகிறது. அந்த ஒரு பிரேக்கில் சுமார் 600 கிலோஜூல் சூடாக மாறுகிறது. எழுபது சதவீதம் முன் சக்கரங்களுக்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு டிஸ்க்குக்கு 210 கிலோஜூல் சொச்சம். டிஸ்க் ஐந்து கிலோ வார்ப்பிரும்பு என்றால், அந்த ஒரே மிதிக்கு 90 டிகிரி அளவில் ஏறும். ஒரு லேப்பில் இப்படி மூன்று இடம் இருந்தால், நடுவில் இருக்கும் நேர்ப்பாதையில் எவ்வளவு ஆறுகிறது என்பதுதான் கேள்வி. ஏறுவது ஆறுவதைவிட அதிகமானால் லேப்புக்கு லேப் சூடு கூடிக்கொண்டே போகும்.

வேகத்தின் வர்க்கத்தில் சூடு ஏறுவதால், பத்து சதவீதம் வேகமாகப் போனால் சூடு இருபத்தொரு சதவீதம் கூடும். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்பவருக்கு இதுதான் பதில். ஓட்டம் கைவந்ததும் பிரேக் பாயிண்ட் தள்ளிப் போகிறது, நேர்ப்பாதையில் வேகம் கூடுகிறது, அதே பிரேக் பத்தாமல் போகிறது.

இன்னொன்று. நம்மூர் வெயிலைக் குற்றம் சொல்கிறவர்கள் நிறைய. டிஸ்க் 500 டிகிரியில் இருக்கும்போது வெளிக்காற்று 28 என்றால் வித்தியாசம் 472. அக்னி நட்சத்திரத்தில் 40 என்றால் 460. ஆறும் திறனில் குறைவது நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. வெயில் டயரையும் இன்ஜினையும் ஓட்டுகிறவரையும் வாட்டும். டிஸ்க்குக்கு அது பெரிய விஷயமே இல்லை.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்கு அணை கொடுக்க இரண்டு மரக்கட்டை. வண்டியோடு வந்த ஜாக்கியில் மட்டும் காரை நிறுத்திவிட்டு அடியில் கை விடக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம். நட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று. சக்கரத்தருகே பிரேக் ஆயிலை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிளுக்குச் சரியான அளவில் ரிங் ஸ்பானர். ஓப்பன் ஸ்பானர் போட்டால் நிப்பிள் முனை மழுங்கிவிடும், அப்புறம் காலிப்பரையே கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டிவரும். ஒளி ஊடுருவும் சின்னக் குழாய், ஒரு பாட்டில், நிறையத் தண்ணீர், பழைய துணி. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். பட்டதும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்துத் தேய்க்காதீர்கள்.

உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் மூன்று எண்களைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வீல் நட் டார்க், காலிப்பர் போல்ட் டார்க், டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன். கடைசி எண் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். துருவைத் தேய்த்தால் தெரியும்.

டக்ட் வேலைக்கு வரும்போது ஒரு நல்ல டிங்கர் வேண்டும். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் தகடு வெட்டி வளைத்துக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. காரை ஓட்டிக்கொண்டே போகாதீர்கள்; முதலில் அட்டையில் வடிவம் வெட்டிக்கொண்டு போங்கள். அது ஏன் என்று 8-ஆம் படியில் சொல்கிறேன்.

4. பிரேக் ஆயிலை மாற்றுங்கள்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அதற்கு இரண்டு கொதிநிலை சொல்கிறார்கள்: புதிதாக இருக்கும்போது ஒன்று, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு ஒன்று. டாட் 3-க்குக் குறைந்தபட்சம் 205, 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இரண்டு மூன்று வருடமாக மாற்றாத ஆயிலோடு ட்ராக்கில் இறங்குகிறவர் டாட் 4 என்று எழுதியதை நம்புகிறார். உள்ளே இருப்பதோ 155-ஐ நெருங்கிய சரக்கு. ரேஸ் ஆயில்கள் புதிதாக 300 டிகிரியைத் தாண்டும். ஆனால் சிலவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். எனவே வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் ஈரக் கொதிநிலையைப் படியுங்கள். ரோட்டிலும் ஓடும் காருக்கு அந்த எண்தான் முக்கியம்.

டாட் 5 என்பது சிலிகான் ஆயில். பெயர் ஒட்டி இருந்தாலும் 5.1-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை ஊற்றவே கூடாது.

செய்முறை: இன்ஜின் அறையில் மேலே இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவிலுள்ள பழைய ஆயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். இதைச் செய்யாமல் நிப்பிளைத் திறந்தால், பழைய ஆயில் முழுவதையும் லைன் வழியாகவே வெளியேற்ற வேண்டிவரும். பாதியில் புது ஆயில் தீர்ந்துபோகும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும். மேனுவல் சொல்வதே சரி. குழாயின் முனை பாட்டிலிலுள்ள ஆயிலில் மூழ்கி இருக்கட்டும்.

ஒருவர் உள்ளே, ஒருவர் சக்கரத்தில். “மிதி” என்றால் மிதித்துப் பிடிக்க வேண்டும். நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகு “விடு” என்றால்தான் காலை எடுக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: மூடுவதற்குள் கால் எழும்பிவிடும், குழாய் வழியாகக் காற்று உள்ளே போய்விடும். பேசிவைத்துக்கொண்டு, அவசரப்படாமல் செய்யுங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மேலே டப்பாவைப் பாருங்கள். காலியானால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று போய்விடும்.

பழைய காராக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். தினசரி ஓட்டத்தில் பெடல் போகாத ஆழத்துக்கு மாஸ்டர் சிலிண்டர் சீல் போனால், அங்கே படிந்திருக்கும் துரு சீலைக் கீறிவிடும்.

குழாயைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முதலில் டிகாஷன் நிறத்தில் வரும், அதில் கடுகு அளவில் குமிழிகள் ஏறும். அப்புறம் கோடு போட்ட மாதிரி ஓர் இடத்தில் நிறம் மாறும். அந்தக் கோடு குழாயைக் கடந்தபின் இன்னும் நான்கைந்து மிதி. மிச்ச ஆயிலை மூடி வைத்து அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். திறந்த டப்பா ஈரம் குடிக்கும்.

5. பேட், டிஸ்க்

ட்ராக்குக்குப் போகும்போது பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். தேய்வது மட்டும் பிரச்சினை இல்லை. டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் சூட்டைத் தடுத்து நிற்பதே அந்தப் பேட்டின் தடிமன்தான். மெலிந்த பேட் சூட்டை நேராக ஆயிலுக்குக் கடத்திவிடும். ரோட்டுக்கு இன்னும் ஆறு மாதம் வரும் என்று மெக்கானிக் சொல்லும் பேட், ட்ராக்கில் ஒரு செஷனில் ஆயிலைக் கொதிக்க வைத்துவிடும்.

முழு ரேஸ் பேட் வேண்டாம் என்பது என் கருத்து. அது சூடேறினால்தான் பிடிக்கும். விடிகாலையில் திண்டுக்கல் ரோட்டில் குறுக்கே ஒரு மாடு வந்தால், ஆறிக் கிடக்கும் ரேஸ் பேட் உங்களைக் காப்பாற்றாது. ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் பொதுவாக வரும் பேட்டை வாங்குங்கள். இல்லையென்றால் ட்ராக்கில் போய்ப் பேட் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இரண்டுக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

டிஸ்க்கில் ஓட்டை போட்டது, கோடு போட்டது என்று கடையில் காட்டுவார்கள். ஓட்டை போட்ட டிஸ்க்கில் இரும்பின் எடை குறைகிறது, ஓட்டையின் விளிம்பிலிருந்து விரிசல் கிளம்புகிறது. நம் வேலைக்குச் சாதாரண, வழுவழுப்பான, கம்பெனி தடிமனுள்ள டிஸ்க் போதும். விலையும் குறைவு, அடிக்கடி மாற்றலாம்.

காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸைப் போடுங்கள். பின் இறுகினால் ஒரு பேட் மட்டும் உரசி உரசி டிஸ்க்கைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். கூலிங் பத்தவில்லை என்று வந்த கார்களில் இந்தப் பின் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கழற்றிய பேட்டுகளை அக்கம்பக்கமாக வைத்துப் பாருங்கள்: உள்பேட் ஒரு தடிமன், வெளிப்பேட் ஒரு தடிமன் என்றால் அதுதான் அடையாளம்.

6. இப்போது அளந்து பாருங்கள்

புது ஆயில், நல்ல பேட்டோடு ஒரு ட்ராக் டே ஓட்டுங்கள். இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். டக்ட் தேவையா, எவ்வளவு தேவை என்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

டிஸ்க்கின் வெளிவிளிம்பில் பூசும் வெப்பப் பெயிண்ட் மூன்று நிறத்தில் வரும்: பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரி. அந்தந்தச் சூட்டைத் தொட்டதும் நிறம் வெளுத்துவிடும். பச்சை மட்டும் வெளுத்திருந்தால் பரவாயில்லை, நல்ல பேட் தாங்கும். ஆரஞ்சும் வெளுத்தால் காற்று வேண்டும். சிவப்பும் போயிருந்தால் காற்றும் வேண்டும், ஓட்டும் முறையையும் மாற்ற வேண்டும். காலிப்பர் உடம்பில் சூடு காட்டும் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுங்கள். ஆயில் எந்த நிலையில் இருந்தது என்று அது சொல்லும்.

கையில் பிடிக்கும் லேசர் தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பளபளக்கும் டிஸ்க்கில் அது குறைவாகவே காட்டும். அதோடு பிட்டுக்கு வருவதற்குள் டிஸ்க் ஆறியும் இருக்கும். இடது, வலது வித்தியாசம் பார்க்க மட்டும் அது உதவும்.

7. டஸ்ட் கவர், காற்றைத் திருப்பும் தகடு

டிஸ்க்கின் உள்பக்கம் ஒரு தகடு மூடியிருக்கும். கல்லையும் சேற்றையும் தடுப்பது அதன் வேலை. காற்றையும் சேர்த்துத் தடுக்கிறது. முழுக்கக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிஸ்க்கின் சூடு நேராகச் சக்கர மூட்டுகளான பால் ஜாயிண்ட் ரப்பரிலும் டை ராட் எண்டு ரப்பரிலும் அடிப்பதையும் அந்தத் தகடுதான் தடுக்கிறது. ரப்பர் கருகி வெடித்தால் கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும், ஒரு மழைக்காலத்தில் ஜாயிண்ட் ஆடும். எனவே நடுவில், ஹப்பைச் சுற்றி மட்டும் வெட்டித் திறங்கள். ரப்பர்களுக்கு எதிரே இருக்கும் பகுதி அப்படியே இருக்கட்டும்.

அடுத்து, சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்மில் பூட்டும் காற்றுத் தகடு. வண்டிக்கு அடியில் ஓடும் காற்றை மடக்கிச் சக்கரத்துக்குள் தள்ளும். போர்ஷே 911 ஜிடி3 கார்களில் கம்பெனியே இதைப் போட்டுத்தருகிறது. குழாய் கிடையாது, பம்பரில் கை வைக்க வேண்டாம், ஆர்மோடு சேர்ந்தே அசைவதால் உரசலும் குறைவு. கரியில் ஓடும் சின்னக் கார்களுக்கு, ஆயிலும் பேட்டும் சரியாக இருந்தால், பெரும்பாலும் இதுவே போதும். வேகத்தடையில் தட்டாத உயரமா என்று மட்டும் பாருங்கள். நம் கிராமத்து வேகத்தடைகள் எந்த அளவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல.

8. டக்ட் போடுவது

இவ்வளவுக்குப் பிறகும் ஆரஞ்சு வெளுத்தால், சரி, டக்ட் போடலாம். மூன்று பாகம்: வாய், குழாய், டிஸ்க் பக்கத்துத் தகடு. கடைசியிலிருந்து முதலுக்கு வேலை செய்யுங்கள். காற்று எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியாமல் வாய்க்கு ஓட்டை போட்டால், குழாய் போக வழி இல்லாமல் தவிக்க வேண்டிவரும்.

டிஸ்க்கை முதலில் படியுங்கள். காற்றுப் போகும் டிஸ்க் தானே ஒரு காற்றாடி. சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து, இரண்டு தட்டுகளுக்கு இடையே ஓடவிட்டு, விளிம்பு வழியே வெளியே தள்ளுகிறது. நாம் காற்றைக் கொடுக்க வேண்டிய இடம் அந்த நடுக்கண். பெரும்பாலான டிஸ்க்குகளில் அந்தக் கண் உள்பக்கம், அதாவது இன்ஜின் பக்கம் திறந்திருக்கும். சிலவற்றில் வெளிப்பக்கம் திறந்திருக்கும். அந்த டிஸ்க்குக்கு உள்பக்க டக்ட் போட்டுப் பயனில்லை. டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்து, விரலை விட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புதியவர்களின் மிகப் பெரிய பிழை, குழாயை டிஸ்க்கின் உள்முகத்தைப் பார்த்து நீட்டிவிடுவது. ஒரு முகம் மட்டும் ஆறும், எதிர்முகம் கொதிக்கும். இரண்டு தட்டும் வேறு வேறு அளவில் விரிந்து டிஸ்க் கூம்பு மாதிரி சாயும், விரிசல் விழும். டக்ட் போட்ட பிறகுதான் டிஸ்க் அடிக்கடி போகிறது என்று சொல்பவரின் காரைக் குனிந்து பாருங்கள், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

தகடு: ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. அலுமினியம். முதலில் அட்டையில் வெட்டி, ஹப்பைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில் பகுதியில் பொருத்திப் பாருங்கள். காலிப்பர் பிராக்கெட், ஏபிஎஸ் சென்சார், அதன் வயர், பிரேக் ஹோஸ் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு அட்டையைத் திருத்திக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு வடிவம் கிடைக்கும். அந்த அட்டையை டிங்கரிடம் கொடுங்கள். வாயால் விளக்கினால் அவர் தன் அனுபவத்தில் ஒன்று செய்வார், அது உங்கள் காரில் உட்காராது. எனக்குச் செய்துகொடுத்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இந்த மடிப்புல ஒரு சின்ன ரேடியஸ் விட்டாத்தான் விரிசல் விடாது” என்றார். கூர்மையாக மடித்த அலுமினியம் அதிர்வில் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஐந்து, ஆறு மி.மீ. இடைவெளி இருக்கட்டும். டஸ்ட் கவர் பூட்டியிருந்த அதே போல்ட்டுகளிலேயே பொருத்த முடிந்தால் நல்லது. ஸ்டப் ஆக்ஸிலில் புதிதாக ஓட்டை போடவே கூடாது.

குழாய்: கண்ணாடி இழையில் சிலிகான் பூசி, கம்பிச் சுருள் வைத்த குழாய்தான் வேண்டும். அது 250 டிகிரிக்கு மேல் தாங்கும். மோட்டார் பம்ப் கடையில் தொங்கும் பச்சை சக்‌ஷன் பைப் அதே அளவில், மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. தோட்டத்துக்கு அது நல்ல சரக்கு. டிஸ்க் பக்கத்தில் அந்த பிவிசி முதல் செஷனிலேயே இளகி, தொங்கி, சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். குழாய் வாங்கப் பணம் சேரும்வரை லோயர் ஆர்ம் தகட்டோடு ஓட்டுங்கள். பச்சைப் பைப் மட்டும் வேண்டாம்.

அளவு 63 மி.மீ. அல்லது 76 மி.மீ. குறுக்களவில் வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும், உள்வெட்டுப் பரப்பில் 76 ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆனால் சின்னக் காரின் வீல் ஆர்ச்சில் 76 நுழைந்து, டயர் முழுக்கத் திரும்பும்போதும் உரசாமல் இருப்பது கடினம். நசுங்கிப்போன 76-ஐவிட வட்டம் கெடாத 63 அதிகக் காற்றைக் கொடுக்கும். வளைவுகளைக் குறையுங்கள், நீளத்தைக் குறையுங்கள்.

வாய்: ஃபாக் லேம்ப் குழி சுலபமான இடம். விளக்கைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் திரும்பப் பூட்டக்கூடிய மாதிரி வாயைச் செய்யுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. பம்பரை வெட்டாமல், ஊர் திரும்பும்போது விளக்கைத் திரும்பப் பூட்டிவிடும் வழிதான் நிம்மதி. வாயின் விளிம்பு உருண்டையாக இருந்தால் காற்று தடையின்றி உள்ளே போகும். ஒரு கம்பி வலை போடுங்கள். பாலித்தீன் பையும் வைக்கோலும் பறக்கும் ரோட்டில்தான் போய்வருகிறோம்.

குழாய் போகும் வழியில் ரப்பர் பிரேக் ஹோஸ் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் பாருங்கள். டக்ட் குழாயின் கம்பிச் சுருள் அதில் உரசினால், கூலிங்குக்காகப் போட்டதே பிரேக்கை அறுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும்.

9. உரசல் சோதனை

தரையில் நிற்கும் காரில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். சக்கரம் இடது முழுத் திருப்பம், வலது முழுத் திருப்பம். சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கிய நிலை, முழுக்க அமுங்கிய நிலை. ஒவ்வொரு திருப்பத்தையும் இரண்டு உயரத்திலும் பார்க்க வேண்டும். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து மெல்லத் தூக்கினால் அமுங்கிய நிலை கிடைக்கும். கார் ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

குழாயின் மேல் சாக்பீஸைத் தடவிவிடுங்கள். அப்புறம் ரோட்டில் மெதுவாக ஒரு சுற்று, ஒரு யூ-டர்ன், இரண்டு வேகத்தடை. வந்து பார்த்தால் சாக் அழிந்த இடம்தான் உரசும் இடம். டயரின் உள்சுவரிலும் வெள்ளைக் கோடு தெரியும். கேபிள் டையை மட்டும் நம்பிக் குழாயைத் தொங்கவிடாதீர்கள். சூட்டில் அது உடையும். ஸ்டீல் கிளாம்ப் போடுங்கள்.

காற்று வருகிறதா என்று பார்க்க, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வாயில் ஒரு பிளோயரை வைத்து, டிஸ்க்கின் விளிம்பருகே ஒரு நூலைப் பிடியுங்கள். நூல் விளிம்பில் வெளிப்பக்கமாகப் பறந்தால் காற்று நடுக்கண் வழியாகப் போகிறது. உள்முகத்தில் மட்டும் ஆடினால் தகட்டைத் திருத்த வேண்டும்.

10. ட்ராக்கில் ஓட்டும் வரிசை

புதுப் பேட் என்றால் முதல் செஷன் அதைப் பழக்குவதற்கு மட்டும். பேட் கம்பெனி சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். பொதுவாக, நடுத்தர அழுத்தத்தில் வேகத்தைக் குறைத்து, முழுக்க நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, பலமுறை செய்து, அப்புறம் நன்றாக ஆறவிட வேண்டும். இதை ரிங் ரோட்டில் செய்யாதீர்கள். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் பேட் பழக்குவது தெரியாது.

செஷனில் ஒரு லேப் சூடேற்ற, மூன்று நான்கு லேப் வேகமாக, கடைசி லேப் பிரேக்கைத் தொடாமல், கியரில் இழுத்து ஆறவிட. நீளமாக, லேசாக மிதிப்பதைவிட, குறுகலாக, பலமாக மிதித்து விடுவது டிஸ்க்குக்கு நல்லது. ஆறும் நேரம் அதிகம் கிடைக்கும். பெடல் நீளும், அதாவது வழக்கத்தைவிட ஆழமாகப் போகும், முதல் அறிகுறியிலேயே கையைத் தூக்கிக் காட்டி உள்ளே வாருங்கள்.

பிட்டில் நின்றதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பெடலில் காலை வைக்காதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, சக்கரம் அரைச் சுற்று சுழலும் அளவுக்குக் காரை உருட்டினால் பேட் ஒரே இடத்தில் டிஸ்க்கைச் சுடாது. டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவதை நினைக்கவே கூடாது. சூடான வார்ப்பிரும்பு வெடிக்கும்.

11. அதிகம் ஆறுவதும் தவறு

டக்ட் போட்டபின் மறுபடி பெயிண்டைப் பாருங்கள். பச்சைகூட வெளுக்கவில்லை, ஆனால் பேட் வேகமாகத் தேய்கிறது, பிடிப்பு வழுக்குகிறது என்றால் ட்ராக் பேட் தன் வேலைச் சூட்டுக்கே வரவில்லை. வாயில் பாதியை டேப் போட்டு மூடி, அடுத்த செஷனில் பாருங்கள். நீளமான நேர்ப்பாதையுள்ள இருங்காட்டுக்கோட்டைக்கும், சின்னதாக முறுக்கி ஓடும் கரிக்கும் ஒரே அளவு டேப் பொருந்தாது. மழை நாளில் முழுக்க மூடிவிடுங்கள்.

12. வீட்டுக்குக் கிளம்பும் முன்

கார் முழுக்க ஆறியதும் சக்கரத்தைக் கழற்றுங்கள். டிஸ்க்கில் மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருக்கும், அது சகஜம். நகம் மாட்டும் ஆழமோ, விளிம்புவரை ஓடும் விரிசலோ இருந்தால் அந்த டிஸ்க்கோடு ஊருக்குக் கிளம்பாதீர்கள். அதனால்தான் ஒரு ஜோடி பழைய நல்ல டிஸ்க்கும் பேட்டும் டிக்கியில் இருக்க வேண்டும். ரப்பர்கள் கருகியிருக்கின்றனவா, டக்ட் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, ஏபிஎஸ் வயர் தகட்டில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பெடல் காலையில் இருந்ததைவிட நீளமாக இருந்தால், முன்சக்கரம் இரண்டிலும் கொஞ்சம் ஆயிலை வெளியேற்றிக் குமிழியை எடுத்துவிடுங்கள். ஒருமுறை கொதித்த ஆயில் ஆறிய பிறகும் நம்பிக்கைக்கு உரியதல்ல. வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். டக்ட் வாயை மூடி, ஃபாக் லேம்ப்பைப் பூட்டுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஓரங்கட்டி, நட்டுகளை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் ஊர்ப்பக்கம் திருப்புங்கள்.